ஓடிப்போகும் இடது கால்

பம்ப் ஓடத் தொடங்கியதும் லைல் புரூன்ஸ் துடைப்பத்தை எடுத்துக்கொள்வான். பண்ணையின் குளிர்தொட்டியில் இருக்கும் பால் முழுவதும் குழாய் வழியாக லாரிக்கு ஏறி முடிய நேரம் பிடிக்கும். அதுவரை அந்தச் சின்னப் பாலறையில் அவனுக்கு வேறு வேலை கிடையாது. சுவரோரம் சாய்ந்திருக்கும் துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்து, ஜன்னல் கண்ணாடிக்கு எதிரே பக்கவாட்டில் நிற்பான். வெளியே வெளிச்சம் வராததால் கண்ணாடியில் அவன் உருவம் தெரியும். தண்ணீருக்குள் அசைகிறவன் போல மெதுவாக வீசுவான். இடது கால் ஓர் எட்டு முன்னே போகும், இடுப்பு திரும்பும், கைகள் அதன் பின்னால் வரும். பாதியில் அப்படியே நின்று, குனிந்து, ரப்பர் பூட்ஸ் போட்ட இடது கால் எங்கே ஊன்றியிருக்கிறது என்று பார்ப்பான். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பான்.

பிப்ரவரியில் ஒருநாள், கன்றுக்குட்டிகளுக்கான பால் புட்டிகளோடு கதவைத் திறந்த ஆர்லீன் இதைப் பார்த்துவிட்டாள். அந்தப் பண்ணைக்காரரின் மனைவி, அறுபதைத் தாண்டியவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள்.

"என்னப்பா லைல், என் துடைப்பத்துக்கு டான்ஸ் சொல்லித் தர்றியா?"

"தரை ஈரமா இருந்துச்சு" என்றான் லைல், அவளைப் பார்க்காமல்.

"தரையத் துடைக்கிறவங்க முடி இருக்கிற பக்கத்தைக் கீழ வெச்சுத்தான் நான் பார்த்திருக்கேன்."

லைல் துடைப்பத்தைத் திருப்பிப் பிடித்து, ஏற்கெனவே கழுவி விட்டிருந்த தரையைப் பெருக்க ஆரம்பித்தான். பால் ஏறி முடியும்வரை பெருக்கிக்கொண்டே இருந்தான். ஆர்லீன் புட்டிகளைக் கழுவி அடுக்கிவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனாள்.

லைலுக்கு நாற்பத்தாறு வயது. ஆறடிக்கு மேல் உயரம். தாழ்ந்த வாசல்கள் கொண்ட பாலறைகளிலேயே வாழ்நாள் போனதால் கழுத்தில் ஒரு நிரந்தரக் குனிவு. ஹோல்ட்ஸ்பர்க்கைச் சுற்றியுள்ள பண்ணைகளில் பால் எடுத்து ஆலையில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவன் தொழில். மினசோட்டாவின் அந்த மூலையில் பனி விலகும் முன்பே சாலையில் ஓடுகிற வண்டி அவனுடையதாகத்தான் இருக்கும். தொட்டியின் மூடியைத் திறந்து முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். மாடு காட்டு வெங்காயம் தின்றிருந்தாலும் தீவனம் புளித்திருந்தாலும் அவன் மூக்குக்குத் தெரிந்துவிடும். "இன்னைக்கு எடுக்க முடியாது" என்று அவன் சொன்னால் எந்தப் பண்ணைக்காரரும் மறுத்துப் பேசுவதில்லை. மறுத்துப் பேசினால் அவன் பதில் பேச வேண்டியிருக்கும், அதைப் பார்க்க அவர்களுக்கே பாவமாக இருக்கும்.

எல்லோருக்கும் அவனைத் தெரியும். அவனோடு பேசியவர்கள் குறைவு. அவன் வரும் நேரத்தில் அவர்கள் கொட்டகையில் கறந்துகொண்டிருப்பார்கள். தூரத்திலிருந்து ஒரு கை உயரும், இவன் கையும் உயரும். அன்றைய பேச்சு அதோடு முடிந்தது. மதியச் சாப்பாடு லாரிக்குள், முட்டை வைத்த ரொட்டியும் பாலாடைக் கட்டித் துண்டுகளும். வானொலியில் வானிலை சொல்கிற பெண்ணுக்கு மட்டும் அவன் பதில் சொல்வான். "மேற்கிலேர்ந்து காத்துன்னு நேத்தும் சொன்ன" என்பான்.

வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பெரிய பானை நிறைய மான்கறியும் பீன்ஸும் போட்டுக் காரமாகக் கொதிக்க வைப்பான். வாரம் முழுக்க அதுதான். அடுப்புப் பக்கத்திலேயே நின்று கரண்டியால் சாப்பிடுவான். நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரே இருக்கும் காலி நாற்காலியைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று யாரிடமும் அவன் சொன்னதில்லை. சமையலறைத் தரையில் ஒரு நீல நிற ஒட்டுப்பட்டை, ஜன்னலிலிருந்து அடுப்புவரை நேர்கோடாக. இந்தக் குளிர்காலத்தில்தான் ஒட்டினான். கொதிப்பதற்காகக் காத்திருக்கும்போது காலுறையோடு அதன்மேல் நின்று, இடது காலை அந்தக் கோட்டின் மேலேயே வைத்து எடுத்து வைத்துப் பழகுவான்.

ஏனென்றால் அந்தக் கால் கோட்டில் நிற்காது. அது ஓடிப்போகும்.

பதினேழு வயதிலிருந்து லைல் ஊர் அணியில் பேஸ்பால் ஆடுகிறான். தேவாலயத்துக்குப் பின்னால் மைதானம், அதன் வேலிக்கு அப்பால் சோளக்காடு. கோடை முழுக்க ஞாயிறு மாலைகளில் ஆட்டம். வாலிபத்தில் அவன் அடித்த பந்துகள் சோளக்காட்டில் விழுந்து, அறுவடையின்போது இயந்திரத்தில் சிக்கியதுண்டு. பந்தை எறிபவன், பிட்சர், எதிரே மேட்டில் நிற்பான். அடிப்பவன் பக்கவாட்டில் நின்று, பந்து வரும்போது முன்காலை நேராக அந்தப் பிட்சரை நோக்கி எடுத்து வைக்க வேண்டும். கால் ஊன்றிய பிறகு இடுப்பு திரும்பும். இடுப்பு இழுத்துக்கொண்டு வர, கைகள் கடைசியில் வரும். அடி என்பது அந்த வரிசைதான். வரிசை குலைந்தால் பிடுங்கிப் போட்ட கம்பத்தை ஆட்டுவது போலத்தான்.

இருபத்தேழாம் வயதில் பிட்சர் எறிந்த ஒரு பந்து அவன் கன்னத்தெலும்பை உடைத்தது. மனைவி கார்லா பார்வையாளர் வரிசையில் இருந்தாள். மருத்துவமனையிலிருந்து திரும்பி, எலும்பு கூடி, கோடை முடியும் முன்பே மறுபடி ஆட வந்துவிட்டான். "இரும்பு" என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் அன்று முதல் பிட்சரின் கை மேலே எழும்போது அவன் இடது கால் முன்னே போவதில்லை. பக்கவாட்டில், அடித்துவிட்டு ஓடுகிறவன் தொட வேண்டிய தளங்களில் மூன்றாவது, மூன்றாம் பேஸ், இருக்கும் திசையில், சேற்றில் பாம்பைக் கண்டதுபோல விலகி விழும். கால் விலகினால் உடம்பு முன்கூட்டியே திறந்துவிடும், இடுப்பின் பலம் பந்து வரும் முன்பே செலவாகிவிடும், உடம்பை விட்டுத் தள்ளி வெளிப்பக்கம் வருகிற பந்து கைக்கு எட்டாது. கைவேகம் இருந்தவரை சமாளித்தான். நாற்பதைத் தாண்டியதும் கைவேகமும் போய்விட்டது, கால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

கார்லா போய் ஆறு வருடம் ஆகிறது. சண்டை எதுவும் இல்லை. செயின்ட் கிளவுட் நகரில் பல் மருத்துவர் ஒருவரிடம் வேலை கிடைத்தது, முதலில் வாரநாட்களுக்குப் போனாள், அப்புறம் வாரக் கடைசியிலும் வரவில்லை. இப்போது வெய்ன் என்பவரை மணந்துகொண்டு அங்கேயே இருக்கிறாள். அவளுடைய அண்ணன் ட்வேன்தான் ஊர் அணிக்கு மேலாளர். விவாகரத்துக்குப் பிறகு அந்த உறவுக்குப் பெயர் கிடையாது. வேறு பெயர் தேடச் சங்கடப்பட்டு இருவரும் பழைய மச்சானையே வைத்துக்கொண்டார்கள்.

ஜனவரியில், உறைந்த ஏரியின் மேல் ட்வேன் போட்டிருந்த மீன்பிடிக் குடிலுக்குள் இருவரும் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் சின்ன எரிவாயு அடுப்பு, பனிக்கட்டியில் ஆளுக்கொரு துளை, துளையில் மிதக்கும் தக்கை. ட்வேன் வெகுநேரம் தக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"மீன் ஒண்ணு சிக்கட்டும், அப்புறம் சொல்றேன்."

மீன் சிக்கவில்லை.

"இந்த சீசன்ல நீ முதல் பேஸ் பக்கத்துல நின்னு பசங்களைப் பார்த்துக்கோயேன். கோச் மாதிரி. சட்டை, தொப்பி எல்லாம் உண்டு. அதே நம்பர்."

"அடிக்க வேணாம்ங்கற."

"நான் அப்படிச் சொல்லல."

"வேற எப்படிச் சொன்ன?"

ட்வேன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டான். "யோவ், போன வருஷம் உனக்கு எவனாவது உள்பக்கம் ஒரு பந்து போட்டானா? எல்லாவனும் வெளியவே போடறான். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு. நீ காலை அந்தப் பக்கம் வெச்சுட்டு மட்டைய இந்தப் பக்கம் நீட்டற. கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டுப் பூனைய விரட்டற மாதிரி இருக்கு, பார்க்க."

லைல் சிரித்துவிட்டான். ட்வேன் சிரிக்கவில்லை.

"மே கடைசி வரைக்கும் டயம் குடு" என்றான் லைல்.

"அதுக்குள்ள என்ன ஆயிடப் போவுது?"

"காலைச் சரி பண்ணிடறேன்."

"இத்தனை வருஷமா சரியாகாத காலு."

"இத்தனை வருஷமா நான் முயற்சியே பண்ணல, மச்சான்."

ட்வேன் அவனைப் பார்த்தான். லைல் இவ்வளவு சேர்ந்தாற்போல் பேசி அவன் கேட்டதில்லை. "சரி, மே கடைசி" என்று சொல்லிவிட்டுத் தக்கையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். அணி இல்லாவிட்டால் லைலுக்குக் கோடையில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை என்பது அவனுக்கும் தெரியும்.

அப்பா விட்டுப்போன டிராக்டர் கொட்டகையில் ஒரு மூலையைக் காலி செய்து, பழைய மீன் வலையைத் தொங்கவிட்டான் லைல். இடுப்புயரக் கம்பின் மேல் பந்தை வைத்து அடித்துப் பழகினான். குளிரில் மட்டையின் அதிர்வு விரல் எலும்புவரை ஏறி, லாரியின் ஸ்டியரிங்கைப் பிடிக்கும்போது வலித்தது. கைப்பேசியை எண்ணெய் டப்பாவில் சாய்த்து வைத்துத் தன்னைத்தானே படம் எடுத்துப் பார்த்தான். இணையத்தில் ஆளுக்கொரு உபதேசம். ஒருவன் முழங்கையைத் தூக்கு என்றான், இன்னொருவன் இறக்கு என்றான், மூன்றாமவன் மூச்சை எண்ணச் சொன்னான். மூவர் சொன்னதையும் செய்ததில் கொஞ்ச நாள் மட்டையையே எப்படிப் பிடிப்பது என்று மறந்துபோனான். பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டான். எடை முழுக்கப் பின்காலில் உட்கார வேண்டும். முன்கால், முட்டை மேல் வைப்பது போல மெல்ல ஊன்ற வேண்டும். இடுப்பு திரும்பும்வரை கைகள் தோளோரமே காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பு வசப்பட ஒரு மாதம் ஆயிற்று. வசப்பட்டதும் சத்தமே மாறிவிட்டது. அதுவரை தகரத்தைத் தட்டுவது போலிருந்தது, இப்போது காய்ந்த கட்டையைப் பிளப்பது போல் ஒரே அடி. கொட்டகைக் கூரையில் அடைந்திருந்த புறாக்கள் பறந்தன.

காலும் கோட்டில்தான் விழுந்தது. அங்கேதான் லைலுக்குச் சந்தேகம் வந்தது.

செயின்ட் கிளவுட்டில் காசு போட்டால் இயந்திரம் பந்து எறிகிற கூண்டு ஒன்று இருக்கிறது. அங்கே போய் நின்றான். அங்கேயும் கால் நேராகவே போனது. ஒவ்வொரு பந்தும் ஒரே இடத்துக்கு வந்தது, ஒவ்வொன்றையும் கச்சிதமாக அடித்தான். பக்கத்துக் கூண்டுப் பையன்கள் நின்று பார்த்தார்கள். லைல் மட்டையை வைத்துவிட்டு, எஞ்சிய பந்துகள் ஒவ்வொன்றாக வந்து பின்னால் இருந்த திரையில் மோதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். கம்புக்கோ இயந்திரத்துக்கோ அந்தக் கால் பயப்படவில்லை. மனிதனின் கைதான் அதற்குப் பயம். எந்த நேரத்தில் எங்கே வரும் என்று சொல்ல முடியாத கை. அப்படி ஒரு கை எதிரே நின்று எறிந்தால்தான் கால் தேறியதா என்று தெரியும்.

அதற்கு யாரையாவது கேட்க வேண்டும்.

கேட்பது என்பது லைலுக்கு வராது. அணியில் இருக்கும் பையன்களைக் கேட்டால் ஊர் முழுக்கச் சிரிப்பாகும். ட்வேன்தான் தீர்ப்புச் சொல்லப் போகிறவன், அவனைக் கேட்பது நியாயமில்லை. ஒரு காலை ஆர்லீனிடம் ஆரம்பித்தான். நான்கு அண்ணன் தம்பிகளோடு வளர்ந்தவள், அவளுக்கு எறியத் தெரிந்திருக்கும்.

"ஆர்லீன், உங்களால ஒரு..."

"என்னப்பா?"

"வாசல்ல ஐஸ் உறைஞ்சிருக்கு. பார்த்து நடங்க."

ஏப்ரலில் ஒரு மதியம். ஆலையில் லாரித் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். லைல் வண்டிக்குள் உட்கார்ந்து, கைப்பேசியில் ஒரு பெயரைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான். கழுவுகிறவன் பக்கவாட்டில் தட்டி "ஆச்சு" என்று சொன்ன பிறகு, ஏதோ அவசரம் வந்தவன்போல அழுத்திவிட்டான்.

"யார் செத்துட்டாங்க?" என்றாள் கார்லா, எடுத்ததுமே.

"யாரும் சாகல."

"அப்ப என்ன?"

"ஒரு உதவி."

இணைப்பு போய்விட்டதோ என்று லைல் திரையைப் பார்த்தான். "உன்கிட்டேர்ந்தா?" என்று குரல் வந்தது.

"என் மேல பந்து எறியணும். நீ ஸ்கூல்ல பிட்சரா இருந்தல்ல, அதான். டென்னிஸ் பந்துதான்."

கார்லா சிரித்தாள். வெகுநேரம் சிரித்தாள். "ஆறு வருஷமா எனக்கு அந்த ஆசை இருக்கு" என்றாள் மூச்சு வாங்கிக்கொண்டு. "சனிக்கிழமை வா."

அவள் வீட்டுக்குப் பின்னால் பள்ளி மைதானம். மூலைகளில் அழுக்குப் பனி மிச்சமிருந்தது. வீட்டின் பின்புற மேடையில் வெய்ன் அடுப்பு மூட்டி சாசேஜ் வாட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். கையை அசைத்துவிட்டு, இவர்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். லைல் ஒரு வாளி டென்னிஸ் பந்துகளைக் கார்லாவின் பக்கத்தில் வைத்தான். சொன்னான்: சிலதை, அடிப்பவன் முன்னால் தரையில் கிடக்கும் தட்டுக்கு மேலாகப் போடு, சிலதை என் மேலேயே போடு, எது எங்கே என்று சொல்லாதே. தன் மேல் வந்தால் அவன் விலகக் கூடாது. உள்பக்கமாக, தோளுக்குள் தாடையைப் புதைத்துத் திரும்பி, முதுகில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

முதல் பந்துக்குக் கால் ஓடியது. இரண்டாவதற்கும் ஓடியது.

"ஓடுது" என்றாள் கார்லா.

"தெரியுது."

"லைல், இது நாய் கவ்வி விளையாடற பந்து."

"எனக்குத் தெரியும். காலுக்குத்தான் தெரியல."

அவள் எறிந்துகொண்டே இருந்தாள். தோளில் பட்டது, தொடையில் பட்டது, காதோரம் உரசிக்கொண்டு போனது. அவள் கோட்டைக் கழற்றிப் புல்லில் போட்டாள். கை சூடேற ஏற, வேகம் கூடியது. கால் சிலசமயம் கோட்டில் விழுந்தது, அடுத்த பந்துக்கே ஓடியது. வாளியில் பாதி தீர்ந்தபோது அவள் எறிவதை நிறுத்தி, கையிலிருந்த பந்தை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீ விழுந்தப்ப நான் உள்ள ஓடி வந்தேன். உனக்குத் தெரியுமா?"

"எங்க?"

"மைதானத்துக்குள்ளதான். பாதி தூரம் வந்துட்டேன். நீ ஒரு கையால மூஞ்சியப் பொத்திக்கிட்டு இன்னொரு கைய நீட்டி வராதன்னு காட்டின. நான் அங்கேயே நின்னுட்டேன். ஊரே பார்க்குது. சீட்டுக்குத் திரும்பிப் போறதா, அங்கேயே நிக்கறதான்னு எனக்குத் தெரியல."

"ரத்தமா இருந்துச்சு. நீ பார்க்க வேணாம்னுதான்..."

"நல்லதுக்குத்தான் செஞ்ச. எப்பவுமே நல்லதுக்குத்தான். உங்கப்பா போனப்ப அந்தக் கொட்டகைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்ட, அதுவும் நான் கஷ்டப்படக் கூடாதுன்னு. நான் வெளிய நின்னு தட்டிட்டு, சாப்பாட்டை வாசப்படில வெச்சுட்டுப் போனேன்." அவள் பந்தை மேலே போட்டுப் பிடித்தாள். "பதினஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினோம். ஒரு தடவ என்னை எதுக்காவது கூப்பிட்டிருக்கியா? இப்பக் கூப்பிடற. நான் இன்னொருத்தர் வீட்டுல இருக்கறப்ப."

லைலுக்குள் ஏதோ ஒரு பதில் வந்துகொண்டிருந்தது. அது என்னவென்று அவனே கேட்கக் காத்திருந்தான். வாய் திறந்தபோது, "உனக்குக் குளிருதா?" என்று வந்தது.

கார்லா அவனைப் பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை. "குளிரல. ஒழுங்கா நில்லு" என்றாள்.

அடுத்ததை முழு பலத்தோடு எறிந்தாள். அது நேராக அவன் நெஞ்சுக்கு வந்தது. லைல் உள்பக்கம் திரும்பினான். விலாவின் பின்புறத்தில் பட்டுத் தெறித்தது. இருவரும் ஒரே சமயத்தில் கீழே பார்த்தார்கள். இடது பாதம் ஈரமண்ணில், பிட்சரை நோக்கி, அப்படியே பதிந்திருந்தது.

"நின்னுடுச்சு" என்றாள் கார்லா.

வெய்ன் மேடையிலிருந்து கூப்பிட்டார். "சாப்பிட்டுட்டுப் போங்க லைல். நிறைய இருக்கு."

"இல்லைங்க, காலைல சீக்கிரம் வண்டி எடுக்கணும்" என்றான் லைல். அப்போது மதியம் மூன்று மணி. கார்லா பந்துகளைப் பொறுக்கி வாளியில் போட்டாள்.

பிறகு வந்த சனிக்கிழமைகளிலும் போனான். அவள் பழைய பேச்சை எடுக்கவில்லை. எறிந்தாள், அவன் வாங்கினான், அவன் அடித்தவற்றை இருவரும் சேர்ந்து போய்ப் பொறுக்கினார்கள். மே மாதம் புல் பச்சையாகிவிட்டது. ஒருநாள் வாளி தீரும்வரை கால் ஒருமுறைகூட விலகவில்லை.

"அவ்வளவுதான். என்கிட்ட இனி எறிய ஒண்ணுமில்ல" என்றாள் கார்லா.

லைல் வாளியைத் தூக்கிக்கொண்டான். சில அடிகள் போய் நின்றான். "மேட்சுக்கு வர்றியா?" என்றான், திரும்பாமலே. பிறகு, அப்படிக் கேட்கக் கூடாது என்று தோன்றித் திரும்பினான். "நீ வந்தா நல்லாருக்கும்."

கார்லா அவசரப்படாமல் யோசித்தாள். "இல்ல லைல். அங்க வந்து உட்கார என்னால ஆகாது. ட்வேன்கிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கறேன்." அவள் கோட்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள். "கேட்டதுக்குத் தேங்க்ஸ்."

லைல் இப்போதும் ஆடுகிறான். எட்டாவது ஆளாக அடிக்க வருகிறான். அடிப்பதைவிட ஏமாறுவதுதான் அதிகம், வயது அப்படி. ஆனால் அணியில் இருக்கிறான். அது முடிவானது மே மாதத்தின் கடைசி ஞாயிறு.

அன்று ஹோல்ட்ஸ்பர்க் அணி எழுந்திருக்க முடியாதபடி தோற்றுக்கொண்டிருந்தது. ட்வேன் லைலைப் பெஞ்சிலேயே உட்கார வைத்திருந்தான். ஆட்டம் முடியப் போகிற வேளையில், பார்வையாளர்களில் பாதிப் பேர் மடக்கு நாற்காலிகளைச் சுருட்டத் தொடங்கிய பிறகு, பக்கத்தில் வந்து நின்றான்.

"மச்சான், போறியா?"

லைல் எழுந்தான்.

"இதுக்கு மேல என்னால..." என்று ட்வேன் ஆரம்பித்தான்.

"தெரியும்" என்றான் லைல்.

எதிரணிப் பிட்சர் கல்லூரிப் பையன், நெடுநெடுவென்று இருந்தான், கன்னத்தில் பரு. லைல் வருவதைக் கண்டதும் எதிரணிப் பெஞ்சிலிருந்து ஒருவன் "வெளிய போடு, வெளிய போடு, பெரியவர் அந்தாண்ட ஓடிடுவாரு" என்று கத்தினான். சிரிப்பு எழுந்தது. முதல் பந்து வெளியே போகவில்லை. பையனின் விரலிலிருந்து வழுக்கி, நேராக லைலின் முகத்துக்கு வந்தது. தாடை தோளுக்குள் புதைந்தது. பந்து தலைக்கவசத்தின் விளிம்பை உரசாமல் உரசிக்கொண்டு பின்னால் போனது. பையன் வெளிறிப்போய்க் கையை உயர்த்தி மன்னிப்புக் கேட்டான். லைல் குனிந்து பார்த்தான். கால் இருந்த இடத்தில் இருந்தது. பெஞ்சின் முனையில் ட்வேன் எழுந்து நின்றுவிட்டான்.

இரண்டாவது வெளியே வந்தது. லைல் அதை விட்டுவிட்டான். அம்பயர் அதை நல்ல பந்து என்றார். மூன்றாவதும் வெளியே, இன்னும் கொஞ்சம் தாழ்வாக, அவனுக்கென்றே சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் கண்டுபிடித்து வைத்திருந்த இடத்துக்கு வந்தது. பையனின் கை எழுந்தபோது பயமும் எழுந்தது. அது போய்விடவில்லை. இடது கால் அந்தப் பயத்தோடேயே முன்னே போய், மெல்ல ஊன்றியது. இடுப்பு திரும்பியது. கைகள் காத்திருந்து, வந்தன.

பந்து இரண்டாம் பேஸ்காரனின் தலைக்கு மேலாகத் தாழப் பறந்து, வலப்பக்கம் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நடுவில் விழுந்து ஓடியது. லைலும் ஓடினான். பால் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு ஓடுவது போல ஓடினான். முதல் பேஸைத் தாண்டும்போது ட்வேன் ஏதோ கத்தியது கேட்டது, என்னவென்று புரியவில்லை. இரண்டாம் பேஸுக்குக் கொஞ்சம் முன்னாலேயே குப்புற விழுந்து, புழுதியில் சறுக்கி, கையால் அதைத் தொட்டான். அம்பயர், தப்பித்தான் என்று இரண்டு கைகளையும் விரித்தார். வேலியோரம் நிறுத்தியிருந்த கார்களில் இரண்டு மூன்று ஹார்ன் அடித்தன. வீட்டுக்குக் கிளம்பியவர்கள் சுருட்டிய நாற்காலிகளோடு நின்று கைதட்டினார்கள்.

லைல் எழுந்து பேஸின் மேல் நின்றான். சட்டை முழுக்க மண். "நல்ல அடி சார்" என்றான் பக்கத்தில் நின்ற எதிரணிப் பையன். "ம்" என்றான் லைல். அங்கே நடு மைதானத்தில் நின்று பார்த்தால் பார்வையாளர் வரிசை முழுவதும் தெரியும். ஆர்லீன் தெரிந்தாள், அவள் கணவர் தெரிந்தார், ஆலையில் தொட்டி கழுவுகிறவன் தெரிந்தான். ஒவ்வொரு முகமாக, மேல் வரிசைவரை பார்த்தான். வரமாட்டேன் என்று சொன்னவள் சொன்னபடி வரவில்லை.

அவன் அம்பயரை நோக்கிக் கையைத் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொன்னான். பிட்சர் பந்தோடு காத்திருந்தான், மைதானம் காத்திருந்தது. லைல் பார்வையாளர் வரிசைக்கு முதுகைக் காட்டி, முகம் தெரியாதபடி குனிந்து மண்டியிட்டு உட்கார்ந்து, இறுக்கமாகக் கட்டியிருந்த ஷூ முடிச்சை அவிழ்த்து, மறுபடியும் மெதுவாகக் கட்டத் தொடங்கினான்.